ரேங்க் இல்லாமலே நர்ஸ் படையை நடத்தியவர்: யார் இந்த லெனா ஹிக்பி?

நர்ஸிங் முடித்ததும் ராணுவத்தில் சேர்ந்தால் இன்றைக்கு ஆபிசர் ரேங்க் உண்டு. 1908-ல் கதையே வேற.

கனடாவில் பிறந்த லெனா ஹிக்பி, நியூயார்க்கில் நர்ஸிங் படித்தவர். அமெரிக்கக் கடற்படை நர்ஸ் பிரிவில் முதன்முதலில் சேர்ந்த 20 பேரில் ஒருவர். தங்க இடம்கூடத் தரவில்லை. வாஷிங்டனில் அவர்களே வாடகைக்கு வீடு பிடித்தார்கள். ஆபிசரும் இல்லை, மாலுமியும் இல்லை.

1911-ல் ஹிக்பி பிரிவின் தலைவரானார். முதல் உலகப் போரில் 160 பேர் 1,300-க்கு மேல் ஆனார்கள். 1920-ல் நேவி கிராஸ் விருது. உயிரோடு இருக்கும்போதே அதைப் பெற்ற முதல் பெண்.

ஆனால் ரேங்க்? 1941-ல் இறக்கும்வரை வரவில்லை. கடற்படை நர்ஸ்களுக்கு அது கிடைத்தது 1942-ல்தான். 1945-ல் ஒரு போர்க்கப்பலே அவர் பெயரோடு பணியில் சேர்ந்தது.