இடிக்கச் சொல்லாத ஆர்க்கிடெக்ட்

லாரி பேக்கர்னு சொன்னா சிவில் படிக்கிறவங்களுக்கு ரேட் ட்ராப் பாண்டும் ஃபில்லர் ஸ்லாபும் ஞாபகம் வரும். ரெண்டு மார்க் கேள்வி. போன கோடை லீவு வரைக்கும் எனக்கும் அவ்வளவுதான் தெரியும். அப்போதான் திருவண்ணாமலையில், மாட வீதி பக்கத்துல இருக்கிற எங்க பாட்டி வீட்டை இடிச்சிட்டு கான்கிரீட்ல கட்டலாம்னு பேச்சு வந்தது. சுண்ணாம்புச் சுவர், நாட்டு ஓடு, நடுவுல முற்றம். பௌர்ணமிக்கு வர்ற கூட்டத்துக்கு ரூம் விட்டா வாடகை வரும்னு ஒரு கணக்கு. பழைய வீட்டுக்கு வேற வழி இருக்கான்னு தேடினப்போ, பேக்கர் இந்தியாவில் பார்த்த முதல் வேலையே பழைய கட்டடங்களைச் சீர் பண்றதுதான்னு தெரிஞ்சுது. எந்த வகுப்பிலும் யாரும் சொல்லாத விஷயம்.

1917 மார்ச் 2-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். அங்கேயே கட்டடக்கலை படித்தார். இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கி தூக்க மனமில்லாமல் ஆம்புலன்ஸ் படையில் சேர்ந்து சீனா போனார். திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்த நாட்களில் காந்தியைச் சந்தித்தார். பேக்கர் போட்டிருந்த, கிழிந்த துணியில் தைத்த செருப்புதான் காந்தியின் கண்ணில் பட்டதாம். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருளெல்லாம் சுற்றி அஞ்சு மைலுக்குள் கிடைக்கணும் என்ற காந்தியின் எண்ணம் அவரைக் கடைசி வரை விடவில்லை. அஞ்சு மைல்னா 8 கிலோமீட்டர். நம்ம கிரிவலப் பாதையே 14.

1945-ல் தொழுநோய் மிஷன் ஒன்றின் ஆர்க்கிடெக்ட்டாக இந்தியா வந்தார். அதுவரை தொழுநோயாளிகளை ஒதுக்கி அடைத்து வைக்கத்தான் விடுதிகள் இருந்தன. மருந்து வந்துவிட்டதால் அவற்றை ஆஸ்பத்திரிகளாக மாற்ற வேண்டியிருந்தது. எல்லாத்தையும் இடிச்சுக் கட்டக் காசு இல்லை. கரையான், பருவமழை, மண் சுவர், இதுக்கெல்லாம் பர்மிங்காம் புத்தகங்களில் பதிலும் இல்லை. பதில் தெரிந்தவர்கள் அந்தந்த ஊர்க் கொத்தனார்கள். டிகிரி முடிச்ச ஒருத்தர் அவங்க பக்கத்துல உட்கார்ந்து முதல்ல இருந்து கத்துக்கிட்டார். இதுதான் எனக்குப் பெரிய விஷயமா படுது.

1948-ல் கேரளத்து டாக்டர் எலிசபெத் ஜேக்கப்பை மணந்தார். இருவரும் இமயமலையில் பித்தோராகரில் பதினாறு வருஷம் ஆஸ்பத்திரி நடத்தினார்கள். பிறகு கேரளா. திருவனந்தபுரத்தில்தான் நமக்குத் தெரிந்த பேக்கர் உருவானார்.

ரேட் ட்ராப்பில் செங்கலைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவார். சுவருக்குள் காற்று இடைவெளி விழும். கிட்டத்தட்ட கால்வாசி செங்கல் மிச்சம், வெயிலும் சீக்கிரம் உள்ளே இறங்காது. தளத்தின் அடிப்பகுதியில் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை, இழுவிசையைக் கம்பிதான் தாங்குது. அதனால அந்த இடத்தில் பழைய ஓட்டை வைத்து நிரப்புவார். அதுதான் ஃபில்லர் ஸ்லாப். இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல், மரம் எதையும் விடமாட்டார். பிளானைக்கூடப் பழைய கவர்களின் பின்பக்கத்தில் வரைவாராம். நம்ம ஊர்ப் பக்கம் பார்க்கணும்னா, முட்டுக்காட்டில் தட்சிண சித்ரா வளாகத்தைத் திட்டமிட்டதும் அவர்தான். வேற ஊர்ல இடிபட இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டு வந்து அங்கே திரும்பக் கட்டியிருக்காங்க.

சிமெண்டைக் கண்டாலே ஒதுங்கினவர் இல்லை, தேவைக்கு மேல போடக்கூடாதுங்கிறதுதான் அவர் கட்சி. உலகத்தின் கார்பன் டை ஆக்ஸைடில் 7-8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பில் இருந்து வருதுன்னு இன்னைக்கு எல்லாரும் பேசுறோம். அவர் அதுக்குப் பல வருஷம் முன்னாடியே சிமெண்டும் செங்கலும் எவ்வளவு எரிபொருள் தின்னுதுன்னு கணக்குப் பார்த்தவர். 1990-ல் பத்மஸ்ரீ. 2007 ஏப்ரல் 1-ல் இறந்தார், வயது 90.

பாட்டி வீட்டுக்கு வருவோம். பின்கட்டில் ஒரு சுவர் மட்டும் எப்பவும் ஈரம், பூச்சு உதிரும். வீடே இத்துப்போச்சுன்னு எல்லாரும் முடிவு கட்டினது அதைப் பார்த்துத்தான். பத்து வருஷம் முன்னாடி அந்தச் சுண்ணாம்புச் சுவர் மேல சிமெண்ட் பூசியிருக்காங்க. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் உள்ளேயே அடைச்சு வைக்கும். கோளாறு பழைய சுவர்ல இல்ல, புதுப் பூச்சுல. அப்பாகிட்ட இதைச் சொல்லப் படம் எல்லாம் வரைய வேண்டியதாயிடுச்சு. இப்போதைக்கு இடிக்கல. அந்தப் பூச்சைச் செதுக்கி எடுத்துட்டு சுண்ணாம்பு பூசணும், கூரையில் இத்துப்போன ரீப்பரை மட்டும் மாத்தணும். சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார் கிடைக்கிறதுதான் பெரிய பாடு. செங்கம் பக்கம் ஒரு பெரியவர் இருக்காருன்னு சொல்றாங்க. வர்ற ஞாயிறு அப்பாவும் நானும் போய்ப் பார்க்கப் போறோம்.