அடிகளார் பெற்ற பயிற்சி

சித்தாண்டியில் ஆசிரியத் தொழில் புரியும் என்னிடம், பட்டமும் பயிற்சியும் வாழ்க்கைக்கு உதவுமா என்று மாணவர் வினவுவதுண்டு. விபுலாநந்த அடிகளாரின் வரலாற்றையே விடையாகக் கூறுவேன்.

1892இல் இதே மட்டக்களப்பு நாட்டின் காரைதீவில் மயில்வாகனனாகப் பிறந்தவர், கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றார். உயர்ந்த உத்தியோகம் எளிதில் வாய்த்திருக்கும். அவரோ 1924இல் துறவு பூண்டு, கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை அமைத்தார்.

வழக்கொழிந்த யாழை அவர் ஆராய்ந்தபோது, சிலப்பதிகாரத்தின் இசைக்குறிப்புகளுக்குப் பொருள்காணத் தமிழ்க் கல்வி துணைநின்றது. நரம்புகளின் அளவைக் கணிக்க விஞ்ஞானக் கல்வி உதவியது. இரண்டன் பயனாக 1947இல் 'யாழ்நூல்' வெளிவந்தது. அவ்வாண்டே அடிகளார் மறைந்தார்.

தேர்வுக்கெனக் கற்ற எதுவும் அவரிடம் வீண்போகவில்லை. ஆதலின், பயிற்சியை இகழாதீர். அதனை எப்பணிக்கு ஆக்குவீர் என்று இப்போதே சிந்தியுங்கள் என்பேன்.