கொடையாளர் இராமநாதனார்

செல்வம் சேர்த்தோர் பலர். அதனைக் கல்விக்கும் நாட்டாட்சிக்கும் மெய்யுணர்வுக்கும் ஒருங்கே ஆக்கியோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனார்.

மானிப்பாயைப் பூர்விகமாகக் கொண்ட குடியில், 1851ஆம் ஆண்டு கொழும்பிலே தோன்றிய இப்பெரியார், சட்டத்துறையிற் சிறந்து, 1879இல் சட்டநிரூபண சபையில் அமர்ந்தார். 1892 முதல் சொலிசிற்றர் ஜெனரலாக விளங்கினார். தஞ்சை அருட்பரானந்த சுவாமிகளை அடுத்து மெய்ந்நூல்களைக் கற்றார். பகவத்கீதையைத் தமிழில் தந்தார். கொழும்பிலே தந்தையார் எடுத்த சிவாலயத்தைக் கருங்கற்றளியாக்கினார்.

1911இல், படித்த இலங்கையர்க்கென வகுத்த ஒரே ஆசனத்துக்குச் சிங்களரும் தமிழரும் அவரையே தேர்ந்தனர். 1915இல், கலவரத்தையொட்டி வந்த இராணுவச் சட்டத்தாற் சிங்கள மக்கள் நலிந்தபோது, அவர்பொருட்டுச் சபையில் முழங்கினார். இலண்டன் வரை சென்று முறையிட்டார்.

யாழ்ப்பாணத்துக்கு அவர் வைத்த பெருநிதி இரு கல்லூரிகள். மகளிர்க்கென மருதனார்மடத்தில் 1913இலும், ஆடவர்க்கெனத் திருநெல்வேலியில் 1921இலும் தம் பொருளால் அவற்றை நிறுவினார். பின்னதாகிய பரமேசுவராக் கல்லூரி நின்ற இடத்திலேயே 1974இல் பல்கலைக்கழக வளாகம் எழுந்தது.

ஈண்டு மாணாக்கர் என்னிடம் வினவுவது ஒன்றுண்டு. பெண்கல்விக்கு நிதி சொரிந்தவர், டொனமூர் ஆணைக்குழு அனைவர்க்கும் வாக்குரிமை நல்க முன்வந்தபோது எதிர்த்தது ஏன்? கல்வி முந்தவேண்டும், வாக்குப் பிந்தவேண்டும் என்று அவர் எண்ணினார்போலும். அதனை யான் ஏற்றிலேன். 1930இல் அவர் மறைந்தார். 1931இல் பெண்டிரும் வாக்களித்தனர். எனினும், அவ்வாக்கை ஆராய்ந்து இடும் அறிவினைப் பெற, இந்நாட்டு மகளிர் பலர் அவர் கட்டிய பள்ளியின் படியையே ஏறினர். அவர் கருத்தைக் காலம் கடந்தது. அவர் கொடையோ இன்றும் கற்பிக்கின்றது.