டோனாவூர் அம்மாள்

அயல்நாடு சென்று தொண்டு புரிந்தோர் பலர்; சென்றவிடத்தில் சுற்றமும் பெற்றோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவராகிய ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். நெல்லைச் சீமையினின்று வந்து நம் கல்லூரியில் பயில்வோர்க்கு இப்பெயர் புதிதன்று. சென்னையிலேயே வளர்ந்தவருள் டோனாவூர் எத்திசையில் உள்ளதென அறியாதாரும் உளர்.

அம்மையார் 1867-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் அயர்லாந்தின் வடபகுதியில் மில்லைல் என்னும் கடற்கரைச் சிற்றூரில், மாவு ஆலை நடத்திய குடும்பத்தில், எழுவருள் மூத்தவராகப் பிறந்தார். சிறுமியாயிருக்கையில் தம் கண்கள் நீலமாக வேண்டுமென்று ஓரிரவு மன்றாடி, விடிந்ததும் கண்ணாடியிற் பார்த்து, அவை முன்போலவே பழுப்பாயிருக்கக் கண்டு ஏமாந்தாராம். பிற்காலத்தில் சேலையுடுத்து நம்மவரிடையே நடமாடியபோது அப்பழுப்புக் கண்களே அவருக்கு உதவின. 1885-ல் தந்தையார் காலமானார். பெல்பாஸ்ட் நகரத்து ஆலைகளில் உழைத்த ஏழைப் பெண்களிடையே அம்மையார் சிலகாலம் பணிசெய்தார்.

மனைவியையும் மகளையும் இழந்த ராபர்ட் வில்சன் என்னும் முதியவர் 1890-ல் அவரைத் தம் மகளாக ஏற்றுக்கொண்டார். தந்தையை இழந்த பெண்ணுக்குத் தந்தை கிடைத்தார். மகளை இழந்த கிழவருக்கு மகள் கிடைத்தாள். இங்ஙனம் பெற்ற இல்லத்தையே மூன்றாண்டுகளில் துறந்து செல்ல நேர்ந்ததுதான் இவ்வரலாற்றின் கடினமான பகுதி. 1893-ல் அவர் ஜப்பானுக்குக் கப்பலேறினார். அங்கே அரிமா என்னுமிடத்தில் 1894-ல், வாழ்நாள் முழுவதும் தனிமையே தம் பங்காகுமோ என்ற அச்சம் அவரை வாட்டிற்று. ஒரு குகையில் தனித்திருந்து அவ்வச்சத்தைத் தேவனிடம் ஒப்புவித்தார். தனிமைக்கு அஞ்சிய அப்பெண்ணை நூற்றுக்கணக்கானோர் பின்னர் அம்மா என்று அழைத்தனர் என்பதை எண்ணுங்கால் நமக்கு வியப்பு உண்டாகின்றது.

உடல்நலம் குன்றியதால் ஜப்பானை விட்டு இலங்கை வந்தவர், வில்சன் நோயுற்ற செய்தி கேட்டு ஊர் திரும்பினார். மறு ஆண்டே மீண்டும் புறப்பட்டு, 1895 நவம்பரில் நம் சென்னையில் வந்திறங்கினார். முதியவர் 1905-ல் இறந்தார். அதற்குள் இருவரும் ஒருவரையொருவர் கண்டிலர். இப்பிரிவு சரியோ என்று கேட்பார் கேட்கலாம். நாம் தீர்ப்புக் கூறத் துணியோம்.

பெங்களூரில் ஓராண்டு கழித்தபின் அம்மையார் நெல்லை நாடு சேர்ந்து, வாக்கர் ஐயரிடம் தமிழ் பயின்றார். பொன்னம்மாள் என்னும் இளம் விதவை முதலிய தமிழ்ப் பெண்கள் சிலருடன் மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்று ஊழியஞ் செய்தார். 1901 மார்ச்சு மாதத்தில், பெருங்குளம் கோயிற்பெண்டிரிடமிருந்து தப்பிய ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி பண்ணைவிளைக்கு வந்து சேர்ந்தாள். முன்னொருமுறை தப்பித் தாயிடம் ஓடியதற்காகக் கையிற் சூடுபட்டவள் அவள். வந்தவள் அம்மையார் மடியில் ஏறி அமர்ந்துகொண்டாள், பிறகு போகவில்லை. பிரீனா என்னும் அக்குழந்தையாலேயே அம்மையாரின் வாழ்வு திசைமாறிற்று. ஊர் ஊராய்ச் செல்லும் வேலை நின்றது. தொட்டில் ஆட்டும் வேலை தொடங்கிற்று. உபதேசிக்க வந்தவர் பிள்ளை வளர்ப்பதோ என்று சிலர் குறை கூறினர். 

மேற்கு மலைத்தொடரின் அடியில் களக்காட்டுக்கு அருகே உள்ள டோனாவூரில் 1904-ல் பிள்ளைகள் 17 பேர் இருந்தனர். அவ்வாண்டின் இறுதியில் அம்மையாரின் தாயார் கடல் கடந்து வந்து பேத்திகளுக்குப் பாட்டியாயிருந்தார். அந்நாட்களில் கைக்குழந்தைகள் சில இறந்தன. ஆகையால் மருத்துவமனை உள்ள நெய்யூரில் சிசுக்களைப் பொன்னம்மாள் பொறுப்பில் வைத்துச் சிலகாலம் வளர்த்தனர். 1912-ல் வாக்கர் மறைந்தார். 1913-ல் தாயாரும் 1915-ல் பொன்னம்மாளும் ஒருவர் பின் ஒருவராக மறைந்தனர். 1918 முதல் ஆண் குழந்தைகளும் ஏற்கப்பட்டனர்.

டோனாவூரின் முறை குறித்து ஒன்று கூறவேண்டும். அம்மையார் அதை அநாதை விடுதியாக எண்ணியதில்லை, குடும்பமாகவே எண்ணினார். ஆதலின் அங்கே மேற்பார்வையாளர், ஊழியர் என்ற பெயர்கள் வழங்கவில்லை. தமிழ்ப் பெண்டிர் அக்காள் எனவும், கடல்கடந்து வந்த பெண்டிர் சித்தி எனவும், ஆடவர் அண்ணாச்சி எனவும் அழைக்கப்பட்டனர். இவையெல்லாம் நெல்லை வீடுகளில் நாள்தோறும் புழங்கும் சொற்களே. அயல்நாட்டார் தம் நாட்டு முறையை இங்கே நடாது, நம் உறவுமுறைக்குள் தாமே புகுந்துகொண்டனர். பிறந்த நாள் தெரியாத குழந்தைகளுக்கு, அவர்கள் வந்து சேர்ந்த நாளே விழாவாகக் கொண்டாடப்பட்டது. தொண்டுக்குச் சம்பளம் இல்லை.

அம்மையார் எழுதிய நூல்கள் முப்பதுக்கு மேற்பட்டவை. நம் நாட்டார் சமயவாழ்வைப்பற்றி அவர் எழுதியவற்றுள் கடுமை மிகுந்த இடங்கள் உண்டு. அவற்றையெல்லாம் நாம் ஒப்புக்கொள்ள வேண்டுவதில்லை. குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து, நம்மவரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரும் சட்டமன்றத்தில் போராடினார். அவர் 1930-ல் நிறுவிய அவ்வை இல்லத்தை, ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து அடையாற்றுப் பாலங் கடந்து செல்லும் நம் மாணவர் எளிதிற் காணலாம். அவ்வழக்கத்தைத் தடுக்கும் சென்னை மாகாணச் சட்டம் 1947-ல் நிறைவேறிற்று. அப்பொழுது டோனாவூர் அம்மாள் படுக்கையில் இருந்தார்.

1931 அக்டோபரில் களக்காட்டில், இருட்டில் ஒரு குழியில் விழுந்து அவருக்குக் காலெலும்பு முறிந்தது. அதன்பின் ஏறத்தாழ இருபதாண்டு தம் அறையை விட்டு அதிகம் வெளியேறவில்லை. பிள்ளைகள் அவ்வறைக்கே வந்துபோயினர். 1895-ல் கப்பலேறியவர் ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பிற்றிலர். 1951 ஜனவரி 18-ஆம் நாள் டோனாவூரிலேயே உயிர்நீத்தார். தம் கல்லறைமேல் கல் நாட்டலாகாதென்று முன்னரே சொல்லிவைத்திருந்தார். பிள்ளைகளும் அதை மீறவில்லை. ஆனால் பறவைகள் நீருண்ணும் கற்றொட்டி ஒன்றை அவ்விடத்தில் வைத்து, அம்மா என்ற ஒரு சொல்லை மட்டும் அதிற் பொறித்தனர்.