டான்ஸருக்கு எதுக்கு சங்கீத விருது? பாலசரஸ்வதி உருவான கதை

'சங்கீத கலாநிதி', சென்னை மியூசிக் அகாடமி தரும் பெரிய விருது. பாடகர்களும் வாத்தியக் கலைஞர்களும் வாங்குவது. 1973-ல் அது தஞ்சாவூர் பாலசரஸ்வதிக்குப் போனது. அதைப் பெற்ற ஒரே நடனக் கலைஞர் இவர்தான். டான்ஸருக்கு எதுக்கு சங்கீத விருது என்று கேட்டால், பதில் அவர் வீட்டிலேயே இருக்கிறது.

1918-ல் சென்னையில் பிறந்தார். பாட்டி, வீணை தனம்மாள். ஜார்ஜ் டவுனில் அந்தப் பாட்டி வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீணை கேட்க பெரிய பெரிய வித்வான்களே வந்து உட்கார்வார்களாம். அம்மா ஜெயம்மாள் பாடகி. தம்பிகளில் ரங்கநாதன் மிருதங்கம், விஸ்வநாதன் புல்லாங்குழல். தஞ்சை அரசவை வரைக்கும் வேர் போகிற தேவதாசி மரபுக் குடும்பம்.

ஆனா, அந்த வீட்டில் அப்போது யாரும் ஆடவில்லை. சதிர் என்றாலே ஊர் முகம் சுளித்த காலம். மயிலாப்பூர் கௌரி அம்மாள், கபாலீஸ்வரர் கோயிலில் ஆடியவர். அவர் ஆடுவதைப் பார்த்த குழந்தைக்கு ஆடியே ஆகணும் என்று பிடிவாதம். சொந்தக்காரர்கள் வேண்டாம் என்றும், ஜெயம்மாள் துணிந்து மகளை நட்டுவனார் கந்தப்பா பிள்ளையிடம் விட்டார்.

கந்தப்பா, தஞ்சை நால்வர் வம்சத்தில் வந்தவர். கண்டிப்புக்குப் பேர்போனவர். விடியும் முன்பே பயிற்சி ஆரம்பிக்கும். 1925-ல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் ஒரு அம்மன் கோயிலில் அரங்கேற்றம். பிறகு கௌரி அம்மாள், சின்னையா நாயுடு, வேதாந்தம் லட்சுமிநாராயண சாஸ்திரி ஆகியோரிடம் அபிநயம் கற்றார். அம்மா ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட, மகள் ஒவ்வொரு முறையும் வேறொரு பாவம் பிடிப்பார். முன்கூட்டியே தீர்மானித்து வைத்தது கிடையாது. ராகத்தை விரித்துப் பாடுவது மாதிரிதான். தானே பாடிக்கொண்டும் ஆடுவார்.

கந்தப்பா 1941-ல் இறந்தார். உடல்நலமும் சரியில்லை. 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. கோயிலில் பெண்கள் ஆடுவதையும் சேர்த்தே தடுத்தது. சிறுமிகளைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்த முத்துலட்சுமி ரெட்டி நடத்திய போராட்டம் நியாயமானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கலையைக் காப்பாற்றி வைத்திருந்த பெண்கள் ஓரமாகப் போய்விட்டார்கள். அதே ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரில் மற்ற வீடுகளுக்குள் நுழைந்தது.

அங்கேதான் ருக்மிணி தேவியோடு கருத்து மோதல். சிருங்காரத்தைக் குறைத்து பக்தியை முன்னிறுத்தியவர் ருக்மிணி தேவி. சிருங்காரத்திலேயே பக்தி இருக்கிறது, அதில் சுத்தம் செய்ய ஒன்றுமில்லை என்பது பாலாவின் கட்சி. வேடிக்கை என்னன்னா, கௌரி அம்மாள் இருவருக்குமே குரு!

பாலா மீண்டு வந்தார். கந்தப்பாவின் மகன் கணேசனே நட்டுவாங்கம் செய்தார். மியூசிக் அகாடமியில் நடனப் பள்ளி, 1961-ல் டோக்கியோ, 1962-ல் அமெரிக்கா, 1963-ல் எடின்பரோ விழா. 1975-ல் தமிழிசைச் சங்கத்தில் பேசும்போது கச்சேரியையே கோயிலாக விவரித்தார்: அலாரிப்பு கோபுரம், பதம் கருவறை. கோயிலில் ஆடத் தடை இருந்த மரபில் வந்தவர் சொன்னது இது என்பதைச் சேர்த்துப் படிக்கணும்.

1935-ல் கல்கத்தாவில் இவர் ஆட்டத்தைப் பார்த்த பள்ளிச் சிறுவன் ஒருவன் பின்னாளில் சத்யஜித் ராய் ஆனான். 1976-ல் ராய் 'பாலா' ஆவணப்படத்தை எடுத்தபோது அவருக்கு வயது 58-ஐ ஒட்டி. பாலா 1984-ல் காலமானார். அந்தப் படத்தில் கடற்கரையில் ஆடுகிறார். காற்று புடவையை இழுத்துக்கொண்டே இருக்கிறது, அவர் கண்டுகொள்ளவே இல்லை.