இரைச்சலைத் தேடியவர்

1928ஆம் ஆண்டு, 22 வயதான கார்ல் ஜான்ஸ்கி அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியில் சேர்ந்தார். அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டிப் பேச உதவிய வானொலித் தொலைபேசியில் இரைச்சல் அடிக்கடி குறுக்கிட்டது. அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதே அவருடைய வேலை.

நியூ ஜெர்சி மாநிலத்தின் ஹோம்டெல் என்னும் ஊரில், திறந்தவெளியில் நீண்ட அலைவாங்கி ஒன்றை அமைத்தார். ஃபோர்டு காரின் நான்கு சக்கரங்கள்மீது அது இராட்டினம்போல் மெல்லச் சுழன்றது. இடிமின்னல் எழுப்பிய இரைச்சலை அவர் அடையாளம் கண்டுகொண்டார். ஆனால், 'உஸ்' என்று விடாமல் கேட்ட மெல்லிய ஓசை மட்டும் புதிராகவே இருந்தது. முதலில் சூரியன்மீது ஐயங்கொண்டார். பல மாதப் பதிவுகளை ஒப்பிட்டபோது, ஓசை உச்சமடையும் நேரம் நாள்தோறும் 4 நிமிடம் முந்துவது தெரிந்தது. விண்மீன்களும் அப்படித்தானே நாள்தோறும் 4 நிமிடம் முன்னதாக உதிக்கின்றன! பால்வீதியின் மையத் திசையிலிருந்தே அந்த ஓசை வந்தது. 1933இல் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் இதை முதல் பக்கத்தில் வெளியிட்டது.

ஜான்ஸ்கி தொடர்ந்து ஆராய விரும்பினார். ஆனால், அந்த ஓசையால் தொலைபேசிக்குப் பெருந்தொல்லை இல்லை. நிறுவனத்தின் கணக்கு அவ்வளவுதான். அவருக்கு வேறு பணி தரப்பட்டது. 1950இல், 44 வயதில் அவர் காலமானார். விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகளின் வலிமையை வானியலாளர்கள் இன்று 'ஜான்ஸ்கி' என்னும் அலகால் அளக்கின்றனர்.