வெயிலை வரைந்த அம்ரிதா

வெயிலுக்குப் பெயர்பெற்றது நம் விருதுநகர் மாவட்டம். காலையில் பள்ளிக்கு வரும்போதே வெள்ளையடித்த சுவர்கள் கண்ணைக் கூசச் செய்கின்றன. சிவகாசிப் பக்கம் பட்டாசு காய்வதும் இவ்வெயிலில்தான். நாம் வெயிலைச் சலித்துக்கொள்கிறோமே தவிர, அது தெருவுக்குத் தரும் அழகை நின்று பார்ப்பதில்லை. அவ்வாறு நின்று பார்த்த ஓவியர் அம்ரிதா ஷெர்கிலின் வரலாற்றை இங்கே காண்போம்.

அம்ரிதா 1913-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 30-ஆம் நாள் ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். தந்தை உம்ராவ் சிங் பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியர்; தாயார் ஹங்கேரியர். 1921-இல் குடும்பம் சிம்லாவில் குடியேறியது. மகளின் திறமையை உணர்ந்த பெற்றோர் 1929-இல் அவரைப் பாரிசுக்கு அழைத்துச் சென்றனர். அங்கு எண்ணெய் வண்ண ஓவியம் பயின்ற அவர், 1932-இல் தீட்டிய 'இளம் பெண்கள்' என்னும் படத்திற்காக மறு ஆண்டே தங்கப் பதக்கம் பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபது!

புகழ் தேடிவந்த அந்நகரிலேயே அவர் தங்கியிருக்கலாம். ஆயினும் தம் வண்ணங்களுக்கு உரிய ஒளி இந்தியாவில்தான் உண்டென உணர்ந்து 1934-இல் திரும்பினார். பின்னர் அஜந்தா, எல்லோரா தொடங்கிக் கொச்சி, கன்னியாகுமரி வரை பயணம் செய்தார். பழைய சுவரோவியங்களும் தென்னாட்டு மக்களும் அவருக்குப் புதிய ஆசான்களாயினர். சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராம மக்களை 1937-இல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார்.

1941-இல் கணவருடன் லாகூர் சென்றார். வீட்டு மாடியிலிருந்து தெரிந்த காட்சியையே அங்கு வரையத் தொடங்கினார். அரண்மனையோ கோபுரமோ அன்று. பக்கத்து வீடுகளும், அவற்றினருகே நின்ற எருமைகளுமே. சுவர்களையும் கூரைகளையும் அகன்ற வண்ணப் பரப்புகளாகத் தீட்டினார். எண்ணெய் வண்ணம் மெல்ல உலர்வது. பொறுமையாக அடுக்கடுக்காகப் பூசலாம். ஆனால் அம்ரிதாவுக்குக் காலம் பொறுக்கவில்லை. கண்காட்சி ஒன்றுக்கு ஏற்பாடாகியிருந்த வேளையில் திடீரென நோயுற்று, டிசம்பர் 5-ஆம் நாள், இருபத்தெட்டாம் வயதில் மறைந்தார். அந்தப் படம் முற்றுப்பெறவே இல்லை.

1976-இல் இந்திய அரசு அவருடைய படைப்புகளைத் தேசியக் கலைச் செல்வமாக அறிவித்தது.

தோழியரே! அம்ரிதாவின் இறுதிப் படத்திற்கு அவர் வீட்டு மாடியே போதுமானதாயிற்று. நம் வீட்டுக்கும் மாடியுண்டு, எதிரே தெருவுண்டு, வெயிலுக்கோ குறைவே இல்லை. நாளை முதல் நாமும் சற்று நின்று பார்ப்போமா?